பகல் முழுக்க நிறைந்தே கிடந்த சிறுநீர்ப்பை: பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கடலூர் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கும் செவிலியர் நான். நோயாளியிடமும் அவர் மனைவியிடமும் கேட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் தரவில்லை.

பண்ருட்டிப் பக்கம் பலா பறிக்கும்போது ஒருவர் மரத்தின் மேல் ஏறி, பழத்தைக் கயிற்றில் கட்டிக் காம்பை வெட்டி இறக்குவார். கீழே இன்னொருவர் பிடித்துக்கொள்வார். இவர் மேலே ஏறுகிறவர். வயது 34. ஜூன் மாதம், சீசன் முடியப் போகும் நேரத்தில், முந்தின நாள் மழையில் வழுக்கியிருந்த கிளையிலிருந்து கால் தவறி விழுந்தார். இடுப்பு முதுகெலும்பில் முதல் எலும்பு நொறுங்கிவிட்டது. கம்பியும் ஸ்க்ரூவும் வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். கைகளுக்கு ஒன்றும் இல்லை. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை.

தண்டுவடம் முடிகிற இடம் ஏறக்குறைய அந்த முதல் இடுப்பெலும்புதான். சிறுநீர்ப்பையைச் சுருங்கச் சொல்லும் நரம்புகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அங்கே அடிபட்டால் பை பெரும்பாலும் தளர்ந்துபோய்விடும். நிறைந்ததும் தெரியாது, தானாகச் சுருங்கவும் சுருங்காது. கொள்ளளவைத் தாண்டியது மட்டும் சொட்டுச் சொட்டாக வழியும். வீட்டில் இருப்பவர்கள் துணி நனைவதைப் பார்த்து 'ஒன்னுக்குத்தான் போகுதே' என்று நினைத்துக்கொள்வார்கள். இவர் வீட்டிலும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

முதல் மூன்று மாதம் பலூன் வைத்த ஃபோலி குழாயும் வெளியே சிறுநீர் சேரும் பையும் இருந்தன. அதன்பிறகு ஒரு மருத்துவமனையில் குழாயை எடுத்துவிட்டு, வேளாவேளைக்கு டியூப் விட்டுச் சிறுநீரை எடுக்கும் முறைக்கு மாற்றினார்கள். முடிவு சரியானது. நிரந்தரக் குழாய் உள்ளேயே கிடந்தால் கல் சேரும், அடைக்கும், நாளடைவில் சிறுநீர்த் தாரையையே (சிறுநீர் வெளியேறும் வழியையே) அரித்துவிடும். ஆனால் வீட்டுக்கு அனுப்பும் நாளில் மனைவிக்கு ஒரே ஒரு தடவை செய்து காட்டியதோடு பயிற்சி முடிந்துவிட்டது. நோயாளிக்குச் சொல்லித்தரவே இல்லை. இரண்டு கையும் நன்றாக இருக்கிற மனிதருக்கு! இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் முதலில் அந்த வீட்டுக்குப் போனது பிப்ரவரியில். அதற்கு முந்தைய ஐந்து மாதத்தில் மூன்று முறை ஆண்டிபயாட்டிக் போட்டிருந்தார்கள். இரண்டு முறை குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். ஒரு முறை காய்ச்சல் எதுவும் இல்லாமல், நாற்றம் அடிக்கிறது என்பதற்காக மட்டும். கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்த ஒவ்வொரு தடவையும் கிருமி வளர்ந்திருந்தது. டியூப் போடுகிறவர்களுடைய சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம். காய்ச்சல், நடுக்கம், விலாவில் வலி, புதிதாகத் தசை இழுப்பு, திடீரென்று அதிகமாகும் கசிவு என்று ஏதாவது ஒன்று சேர்ந்தால்தான் அது நோய். கலங்கலுக்கும் நாற்றத்துக்கும் மருந்து கொடுத்துக்கொண்டே போனால், நிஜமாகவே காய்ச்சல் வரும் நாளில் எந்த மருந்தும் கேட்காது.

மூன்று தடவையும் மனைவிக்குக் கிடைத்தது ஒரே அறிவுரை: 'சுத்தமா செய்யும்மா.' அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். டியூபை தினமும் பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தார். டெட்டால் கலந்த தண்ணீரில் ஊற வைத்தார். காய்ச்சல் நிற்கவில்லை.

அவர் முந்திரி உடைக்கப் போகிறவர். காலை எட்டு மணிக்குப் போனால் திரும்பி வர ஆறு ஆகும். கொட்டை ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலை அரிக்கும். உள்ளங்கையும் விரல் நுனிகளும் கறுத்து, அங்கங்கே உரிந்திருந்தன. கையை என்னிடம் நீட்டிக் காட்டினார். "சோப்பு எவ்ளோ போட்டாலும் போவ மாட்டேங்குது சிஸ்டர். இந்தக் கையாலதான் அவருக்கு டியூப் வுடுறேன். என் கையாலதான் காய்ச்சல் வருதோன்னு ராத்திரில தூக்கம் வரல." ஐந்து மாதமாக அந்தப் பழியைத் தனியாகச் சுமந்திருந்தார்.

அன்று டியூபைக் காட்டச் சொன்னேன். ஸ்டீல் டப்பாவிலிருந்து எடுத்துத் தந்தார். ஆரஞ்சு நிற வெளிமுனை, பருமன் 16. 22 நாளாக அதே டியூப். பி.வி.சி. பிளாஸ்டிக்கைக் கொதிக்க வைத்துக் கொதிக்க வைத்து உள்ளே போகும் முனை ஒரு பக்கமாக வளைந்திருந்தது. பக்கவாட்டுக் கண் (துளை) இரண்டில் ஒன்று நசுங்கி நீள்வட்டமாகியிருந்தது. அந்தக் கண்ணின் விளிம்பை என் மணிக்கட்டின் உள்பக்கம் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். நகக்கீறல் மாதிரி ஒரு கோடு விழுந்தது. டப்பாவின் அடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தேங்கியிருந்தது. வழுவழுப்புக்குத் தேங்காய் எண்ணெய். டியூபின் நுனியில் எப்போதாவது ரத்தம் ஒட்டுமா என்று கேட்டேன். "வாரத்துக்கு ரெண்டு வாட்டி வரும் சிஸ்டர். அவருக்குத்தான் வலிக்கலையே" என்றார்.

வலிக்கவில்லை என்பது அவருக்கு ஆபத்து. உணர்ச்சி உள்ளவர் முதல் உரசலிலேயே கத்தியிருப்பார். இவருக்குக் கண்தான் உணர்ச்சியாக இருக்க வேண்டும். ரத்தம் தெரிந்தால் அதை வலி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே கீறி, ஆறி, மறுபடி கீறினால் தாரை சுருங்கிப்போகும், இல்லையென்றால் டியூப் பக்கச் சுவரைத் துளைத்துப் பொய்வழி ஒன்றை உண்டாக்கிவிடும்.

நானும் அன்று டியூபிலேயே மாட்டிக்கொண்டேன். இதுதான் காரணம், டியூபை மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்துவிட்டேன். மூன்று நாள் சிறுநீரை அளந்து எழுதி வையுங்கள் என்று அளவுக் கோடு போட்ட ஒரு குவளையும் நோட்டும் கொடுத்தது பழக்கத்தால்தான். நான்காம் நாள் நோட்டைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. முதல் நாள் பக்கத்தில் இருந்தது இதுதான்: காலை 5.30க்கு 650 மில்லி, மாலை 6.30க்கு 980 மில்லி, இரவு 10க்கு 420 மில்லி.

காலை ஐந்தரை முதல் மாலை ஆறரை வரை பதின்மூன்று மணி நேரம். மனைவி வேலைக்குப் போய்விட்டால் டியூப் விட ஆள் இல்லை. பகல் முழுக்கப் பை நிறைந்து, விரிந்து, வழிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரு தடவைக்கு 400 முதல் 500 மில்லிக்கு மேல் போகக் கூடாது. இவருடையது அதைப்போல இரண்டு மடங்கு. மதியம் துணி நனைந்தால் அவருடைய அம்மா அடிவயிற்றை அமுக்கி விட்டிருக்கிறார். அப்படி அமுக்கினால் அழுத்தம் மேலேறி, சிறுநீர் சிறுநீரகத்துக்கே திரும்பிப் போகும். அம்மாவுக்கு அது தெரியாது. மகனுக்கு உதவுவதாகத்தான் நினைத்தார்.

இந்த முறையின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் மருத்துவர் லுட்விக் குட்மன் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு, அறுவை அரங்கு மாதிரி முழுக்கக் கிருமி நீக்கிய முறையில் வேளாவேளைக்குக் குழாய் விட்டார். அந்த அனுபவத்தை 1966ல் சக மருத்துவர் பிராங்கெலோடு சேர்ந்து வெளியிட்டார். அவ்வளவு கெடுபிடி வீட்டில் நடக்காது. 1972ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜேக் லேபிடஸும் அவருடைய குழுவினரும் சோப்புப் போட்டுக் கழுவிய கையும் சுத்தமான டியூபும் போதும் என்றார்கள். அளவுக்கு மீறி விரிந்த பையின் சுவரில் ரத்த ஓட்டம் குறைகிறது, ரத்தம் குறைந்த சுவரில்தான் கிருமி வேர் பிடிக்கிறது, ஆகவே வேளை தவறாமல் காலி செய்வதுதான் முதல் பாதுகாப்பு என்பது லேபிடஸின் வாதம். அப்போது பலர் இதை ஏற்கவில்லை. இன்று உலகம் முழுக்க நோயாளிகள் வீட்டில் செய்துகொள்வது இந்த முறையைத்தான். சுத்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேரம் தவறினால் சுத்தத்தால் மட்டும் காப்பாற்ற முடியாது.

மனைவியிடம் நோட்டைக் காட்டி, "உங்க கையால வரலக்கா, நேரம் தப்பினதாலதான் வந்துச்சு" என்றேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

புதுச்சேரி ஜிப்மர் சிறுநீரகவியல் பிரிவுக்குப் போய் வரச் சொன்னோம். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் லேசாக வீங்கியிருந்தன. கல் இல்லை. கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) சரியான அளவில் இருந்தது. மருத்துவர் ஒரு நாளைக்கு ஐந்து முறை, அதுவும் அவரே செய்துகொள்ள வேண்டும் என்று எழுதினார்.

அவருக்குச் சம்மதம் இல்லை. "இதையும் நானே பண்ணிக்கணுமா சிஸ்டர்?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். அவசரப்படுத்தவில்லை. அடுத்த வாரம் போனபோது வேறு ஒன்றைப் பேசினேன். பலா பழுத்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் அண்ணே? அவர் விரல் முட்டியால் கட்டில் சட்டத்தைத் தட்டிக் காட்டினார். காயாக இருந்தால் ஒரு சத்தம், முற்றியிருந்தால் வேறு சத்தம். அதே விரலை அவருடைய தொப்புளுக்குக் கீழே வைத்துத் தட்டச் சொன்னேன். மேலே, குடல் இருக்கிற இடத்தில் பறை மாதிரி கேட்டது. கீழே, பை நிறைந்திருந்த இடத்தில் மந்தமாகக் கேட்டது. மறுபடி தட்டினார். மெதுவாகக் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டே வந்து, சத்தம் மாறும் இடத்தில் விரலை நிறுத்தி, "இது வரைக்கும் இருக்குது" என்றார். விழுந்த நாளிலிருந்து தன் உடம்பைப் பற்றி அவர் தானாகத் தெரிந்துகொண்ட முதல் விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். அன்றைக்கே டியூபைக் கையில் வாங்கினார். (தட்டிப் பார்ப்பது கூடுதல் துணைதான். கடிகாரம் சொல்கிற நேரத்துக்கு, தட்டினால் எப்படிக் கேட்டாலும், டியூப் விட்டே ஆக வேண்டும்.)

டியூப் தேர்வைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். கடையில் தவறு நடப்பது இங்கேதான். இந்த வேலைக்கான சாதா டியூபுக்கு நெலட்டான் என்று பெயர். பலூன் கிடையாது. முனை மூடி உருண்டிருக்கும், பக்கத்தில் இரண்டு கண் இருக்கும். நீளம் 40 செ.மீ. அளவில் வரும். ஆண்களின் தாரை 20 செ.மீ. வரை நீளம் என்பதால் இந்த நீளம் தேவை. பெண்களுக்குத் தாரை 4 செ.மீ.தான், குட்டை டியூப் போதும். ஒரு கடையில் இவருக்குச் சளி உறிஞ்சும் டியூபைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் அதன் நுனி திறந்திருக்கும், வெளிமுனையில் கட்டைவிரலால் மூட ஒரு துளையும் இருக்கும். அதைச் சிறுநீர்த் தாரையில் விடக் கூடாது.

பருமனுக்குப் பிரெஞ்சு அளவு என்று பெயர். எண்ணை மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டர் கிடைக்கும். 12 என்றால் 4 மி.மீ., 16 என்றால் 5 மி.மீ.க்குச் சற்று மேல். வெளிமுனையின் நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்: 10 கறுப்பு, 12 வெள்ளை, 14 பச்சை, 16 ஆரஞ்சு. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு 12 அல்லது 14 போதும். பெரிதாக இருந்தால் சீக்கிரம் வடியும் என்று இவர்கள் 16 வாங்கியிருந்தார்கள். ஓரிரு நிமிடம் மிச்சமாகும், அதற்குத் தாரை விலை கொடுக்கும். வெள்ளைக்கு மாற்றினோம். புராஸ்டேட் வீங்கிய முதியவர்களுக்கு நுனி வளைந்த டியூப் தேவைப்படும், அதை மருத்துவர் சொல்லாமல் வாங்கக் கூடாது. பிறவியிலேயே தண்டுவடக் குறை உள்ள பிள்ளைகளுக்கு லேடெக்ஸ் ஒவ்வாமை அதிகம் வரும். ரப்பர் டியூபும் ரப்பர் கையுறையும் அவர்கள் பக்கம் போகவே கூடாது.

தேங்காய் எண்ணெயும் வாசலினும் வேண்டாம், தண்ணீரில் கரையும் ஜெல்லிதான் வேண்டும். எண்ணெய் உள்ளே போய்ப் பையில் தங்கும். இவருக்கு உணர்ச்சி இல்லாததால் மரக்கச் செய்யும் ஜெல்லி தேவையில்லை, சாதா ஜெல்லி போதும். தண்ணீரில் அரை நிமிடம் நனைத்தால் தானே வழுவழுப்பாகும் பூச்சு டியூபும் இருக்கிறது. உரசல் குறையும், ஜெல்லி வேண்டாம், வெளியில் போகும்போது நல்ல வசதி. விலைதான் சாதா டியூபைவிடப் பல மடங்கு. அதன் பூச்சு ஒரு தடவைக்கு மட்டும்தான் என்பதால் கழுவி வைப்பதற்கில்லை.

கழுவி மறுபடி பயன்படுத்தலாமா என்ற கேள்வியை ஏழை வீட்டில் யாரும் தவிர்க்க முடியாது. உறையில் வட்டத்துக்குள் 2 என்று போட்டுக் குறுக்கே அடித்திருக்கும். ஒரு முறைக்குத்தான் என்று அர்த்தம். ஐந்து வேளைக்குப் புதிது என்றால் மாதம் 150 டியூப். ஒரு தடவைக்கு ஒன்று என்பதுதான் சரி, முடிந்தவர்கள் அதில் சமரசம் செய்துகொள்ள வேண்டாம். இவர்களால் முடியாது. பழைய கீறல் ஆறும் வரை முதல் ஆறு வாரம் ஒவ்வொரு வேளைக்கும் புதிது, அதன்பிறகு ஒரு நாளைக்கு ஒன்று என்று மருத்துவரோடு பேசி முடிவு செய்தோம். அந்த ஆறு வாரத்துக்கு ஒரு உறவினர் பணம் கொடுத்தார். வேளை முடிந்ததும் சோப்புத் தண்ணீரை சிரிஞ்சில் எடுத்து டியூபுக்குள் பீய்ச்சி, குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசி, உதறி, சுத்தமான துணிக்குள் தொங்கவிட்டுக் காய வைக்க வேண்டும். ஈரத்தோடு டப்பாவில் மூடுவது கிருமிக்கு வீடு கட்டிக்கொடுப்பது மாதிரி. இந்த டியூபைக் கொதிக்கவே வைக்கக் கூடாது. டெட்டாலும் வேண்டாம், அதன் மிச்சம் உள்சதையை எரிக்கும். முனை வளைந்தாலும், கண் சொரசொரத்தாலும், உள்ளே வெள்ளை படிந்தாலும் அந்த நிமிடமே தூக்கிப் போட வேண்டும்.

அவர் கற்றுக்கொள்ள ஒன்பது நாள் ஆனது. முதலில் படுத்துக்கொண்டு செய்தார், பிறகு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து. சோப்புப் போட்டுக் கை கழுவி, முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவி, குறியை வயிற்றுப் பக்கம் நிமிர்த்திப் பிடித்து, ஜெல்லி தடவிய டியூபை மெதுவாக விட வேண்டும். ஓரிடத்தில் தடுக்கும். அங்கே எல்லோருக்கும் கை பலமாகத் தள்ளத்தான் போகும். அப்போது நிறுத்தி, பெருமூச்சு இழுத்து விட்டு, அது தளரும் வரை காத்திருக்க வேண்டும். அப்படியும் போகவில்லை என்றால் எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து முயல வேண்டும். அப்போதும் போகாவிட்டால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். சிறுநீர் வந்ததும் இன்னும் 2, 3 செ.மீ. உள்ளே விட்டு, நின்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். வழியில் மறுபடி வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். அடியில் தங்கும் அந்த மிச்சம்தான் நாற்றத்துக்கும் கல்லுக்கும் மூலம். முடிந்ததும் முன்தோலை முன்னுக்கு இழுத்துவிட வேண்டும். இதை மறந்தால் வீங்கி இறுகிவிடும். உணர்ச்சி இல்லாதவருக்கு அது தெரியவும் தெரியாது. அவர் வீட்டுச் சுவரில் சாக்பீஸால் எழுதிய ஒரே வரி 'தோலை இழுத்து விடு' என்பதுதான்.

வேளைகள்: காலை 5.30, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. நாளுக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீரைப் பரவலாகக் குடிக்கவும், இரவு எட்டுக்குப் பிறகு குறைக்கவும் சொன்னேன். அப்படியும் விடிகாலை அளவு 600க்குக் குறையவில்லை. பகலெல்லாம் தொங்கிய காலில் தேங்கும் நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி இரவில் சிறுநீராக இறங்குகிறது. மதியம் ஒரு மணி நேரம் காலைத் தலையணையில் தூக்கிவைத்துப் படுக்கத் தொடங்கிய பிறகு விடிகாலை 450க்கு வந்தது. மலச்சிக்கலையும் சரி செய்தோம். கட்டிப்பட்ட மலம் பையை அழுத்தும்.

இதே வேலையைச் செய்யும் மற்றவர்களுக்காக ஒன்று. இவருக்கு அடி கீழே பட்டதால் அந்த ஆபத்து இல்லை. மார்புப் பகுதி முதுகெலும்பில் ஆறாவது எண்ணிலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்குப் பை நிறைந்தால் திடீரென்று ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். மண்டை பிளக்கிற தலைவலி, முகம் சிவப்பது, வியர்வை. உடனே நிமிர்த்தி உட்கார வைத்துப் பையைக் காலி செய்ய வேண்டும், அடங்காவிட்டால் ஆம்புலன்ஸ். தலைவலி மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தால் உயிருக்கே ஆபத்து.

மே மாதம், அக்கினி நட்சத்திர வெயிலில் ஒரு தடவை மட்டும் தடம் மாறியது. தண்ணீர் போதாமல் சிறுநீர் காப்பி நிறத்துக்கு வந்து, இரண்டு நாள் லேசாகக் காய்ச்சல். கல்ச்சர் எடுத்து, ஒரு சுற்று மருந்து கொடுத்தார்கள். அது தவிர பத்து மாதத்தில் காய்ச்சல் இல்லை. டியூபில் ரத்தம் மூன்றாம் வாரத்தோடு நின்றது. ஆறாவது மாத ஸ்கேனில் சிறுநீரக வீக்கம் வடிந்திருந்தது. வருடத்துக்கு ஒரு முறை ஸ்கேனும் கிரியேட்டினினும் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆயுள் முழுக்க.

மனைவி பழையபடி வேலைக்குப் போகிறார். அடுத்த சீசனில் இவரும் வெளியே வந்தார். கடலூர் ரோட்டோரம் மச்சான் போட்ட பலாக்கடையில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பழத்தைத் தட்டிப் பார்த்து விலை சொல்கிறார். கடைக்குப் பின்னால் தார்ப்பாய் மறைப்பு, ஒரு குடம் தண்ணீர், சோப்பு, மூடி போட்ட வாளி. மதியம் 2 மணி வேளைக்கு மட்டும் பூச்சு டியூப் வைத்துக்கொள்கிறார்.

வெள்ளை முனை 12 முன்பெல்லாம் அவர் வாங்கும் கடலூர் கடையில் கேட்டால் இல்லை என்பார்கள், 16ஐ நீட்டுவார்கள். மாதாமாதம் அவர் திருப்பிக் கொடுத்துத் திருப்பிக் கொடுத்து, இப்போது பெட்டியாக வரவழைத்து வைக்கிறார்கள். நெல்லிக்குப்பத்திலிருந்து பைக் விபத்தில் அடிபட்ட ஒரு பையனுக்காக அவன் அப்பாவும் அங்கேதான் வாங்குகிறார். அந்தப் பையனுக்குக் கற்றுக்கொடுக்க வரும் ஞாயிற்றுக்கிழமை நம் பலாக்கடை அண்ணனும் என்னோடு வருகிறேன் என்றிருக்கிறார்.